லெமனும் எலுமிச்சம்பழமும்

காரை டிரக்கிலிருந்து இறக்கியதும் நாலு டயருக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தேன். இழுத்து வந்த ஆள் குனிந்து பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். "லெமன் என்று நீயே சொல்லிவிட்டாயே!" அமெரிக்காவில் உருப்படாத காருக்கு அதுதான் பெயர். எனக்கும் தெரிந்த வார்த்தைதான். ஆனால் என் கையில் இருந்தது எலுமிச்சம்பழம். அதுவும் லெமனும் ஒன்று என்று அந்த நிமிடம் வரை தோன்றவே இல்லை. இத்தனைக்கும் மிச்சிகனுக்கு வந்து பதினோரு வருடம். பழத்தை நசுக்க வண்டி ஓட வேண்டுமே? நானும் அவரும்தான் தள்ளினோம்.

1972 பிளைமவுத் டஸ்டர். இரண்டு கதவு. ஒரு பண்ணைக் கொட்டகையில் தார்ப்பாய்க்குள் கிடந்தது. பெரிய 340 கன அங்குல எஞ்சின் என்றுதான் விற்றவர் சொன்னார். டாஷ்போர்டு மேலே தகட்டில் வண்டி எண் இருக்கும். ஐந்தாவது எழுத்து எச் என்றால்தான் 340. இதில் ஜி, அதாவது 318. தகட்டைக் காட்டியதும் மனுஷன் பேசாமல் 400 டாலர் குறைத்துக்கொண்டார். 318 ஒன்றும் சின்னது இல்லை, 5.2 லிட்டர். ஊரில் நான் ஓட்டிப் பழகிய மாருதி 800 எஞ்சின் ஆறரை அதற்குள் அடங்கும். ஏழாவது எழுத்து பி. ஹாம்ட்ராம்க் தொழிற்சாலையில் செய்தது என்று அர்த்தம். என் வீட்டிலிருந்து அரை மணி நேரம்தான். 1980இல் மூடிவிட்டார்கள். இந்த ஊர்க்காரன் என்ற உரிமை என்னைவிட இந்த வண்டிக்குத்தான் அதிகம்.

வீடியோவில் பார்த்த அம்மா, "ஏய்யா, காயலாங்கடைக்குப் போறத காசு குடுத்தா வாங்குன?" என்றாள். ஆச்சி இருந்திருந்தால் "பிளசரு வாங்கிட்டியா" என்று பூரித்திருப்பாள். அவளுக்கு எல்லாக் காரும் பிளசர்தான்.

எஞ்சின் கூடப் பெரிய கவலை இல்லை. துருதான். பின் மட்கார்டில் காந்தத்தை வைத்தால் ஒட்டாமல் கீழே விழுந்தது. தகரம் இருக்க வேண்டிய இடத்தில் அரை அங்குலத்துக்குப் பட்டி. டிரைவர் பக்கக் கம்பளத்தைத் தூக்கினேன், ஓட்டை வழியாகப் புல் தெரிந்தது. இந்த வண்டிக்குத் தனி சேசிஸ் கிடையாது, அடித்தளம்தான் எலும்பு. அது போனால் டிங்கரிங் செலவுக்கு அளவே இல்லை. ஸ்க்ரூடிரைவரால் லேசாகக் குத்தினால் அப்பளம் மாதிரி உதிர்ந்தது.

எல்லாம் உப்பு செய்த வேலை. குளிர்காலத்தில் ரோட்டில் பனி உருக உப்பைக் கொட்டுவார்கள். டெட்ராய்ட்டுக்கு அடியிலேயே, ஆயிரம் அடிக்கும் கீழே உப்புச் சுரங்கம் இருக்கிறது. தூத்துக்குடியிலிருந்து பிழைக்க வந்தவன் குடியேறுவதற்கு வேறு ஊர் கிடைக்கவில்லை பாருங்கள்!

எங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் உப்பளம் தெரியும். வெள்ளைக் குவியல்கள், மேலே பனையோலை. காற்றிலேயே உப்பு இருப்பதால் ஜன்னல் கம்பி, கேட், பூட்டு எதுவும் நிலைக்காது. அப்பாவின் சைக்கிள் மட்டும் இருபது வருடம் நின்றது. சனிக்கிழமை சாயங்காலம் பழைய பனியன் துணியில் தேங்காய் எண்ணெய் தொட்டு ஒவ்வொரு ஸ்போக்ஸாகத் துடைப்பார். தலைக்கு வைத்தது போக மிச்சம் சைக்கிளுக்கு என்று அம்மா முனகுவாள். அவர் போன பிறகு அந்த சைக்கிளை யார் எடுத்துப் போனார்கள் என்று நான் கேட்கவில்லை.

சரி, கதைக்கு வருகிறேன். அடித்தளத்துக்குப் புதுத் தகடு வெட்டி வெல்டிங் வைத்தாயிற்று. வெல்டிங் கற்றுக்கொண்டேன், கையில் இரண்டு சூட்டுத் தழும்பு. எஞ்சின் இன்னும் மூச்சு விடவில்லை. முன் பம்பரின் குரோம் மட்டும் எப்படியோ தப்பித்திருந்தது. அதைத் துருவுக்கு விடக் கூடாது என்று டிசம்பரில் ஒரு சனிக்கிழமை பழைய பனியனும் தேங்காய் எண்ணெய் பாட்டிலுமாகக் கராஜுக்குப் போனேன். கவிழ்த்தேன், ஒரு சொட்டு விழவில்லை. உறைந்து வெள்ளைக் கட்டியாக நின்றது. பாட்டிலை ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டு உருகட்டும் என்று பம்பர் மேலேயே உட்கார்ந்திருந்தேன்.