தெரிந்த சொற்கள், புரியாத கதை

ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பவர்களுக்கு நவீனத்துவப் புனைகதையை, அதாவது இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜாய்ஸ், வூல்ஃப் போன்றோர் புதிய முறையில் எழுதிய கதைகளை, பாடமாக வைக்கலாமா என்று கேட்டால், அது அவர்களுடைய தகுதிக்கு மீறியது என்ற பதில் உடனே வந்துவிடுகிறது. இக்கதைகளை வகுப்பில் தொடர்ந்து நடத்திவரும் எனக்கு அந்தப் பதிலில் உடன்பாடில்லை. ஒரு பத்தி புரியாதபோது மாணவர் தம் ஆங்கிலம் போதவில்லை என்று எண்ணிக்கொள்கிறார். எழுத்தாளர் வேண்டுமென்றே மறைத்துவைத்ததைக்கூடத் தம் குறையாகவே கணக்கில் ஏற்றிக்கொள்கிறார். அகராதியைப் புரட்டினால் தீரும் சிக்கல் எது, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரும் நின்று யோசித்தே கடக்க வேண்டிய சிக்கல் எது என்று பிரித்துக்காட்டுவதே ஆசிரியரின் முதல் வேலை என்று கருதுகிறேன்.

அதனால்தான் எர்னெஸ்ட் ஹெமிங்வே 1927-இல் வெளியிட்ட ‘ஹில்ஸ் லைக் ஒயிட் எலிஃபண்ட்ஸ்’ கதையிலிருந்து தொடங்குகிறேன். ஸ்பெயினில் எப்ரோ ஆற்றுப் பள்ளத்தாக்கிலுள்ள ஒரு ரயில் நிலையம். ரயில் வர இன்னும் 40 நிமிடம். ஓர் அமெரிக்கனும் ஒரு பெண்ணும் பீர் குடித்தபடி பேசிக்கொண்டிருக்கிறார்கள். சொற்களில் பெரும்பாலானவை இடைநிலை மாணவருக்குத் தெரிந்தவையே. ஆயினும் படித்து முடித்தபின் என்ன நடந்தது என்று கேட்டால் யாரும் வாய் திறப்பதில்லை. அவர்கள் பேசுவது கருக்கலைப்பைப் பற்றி. அந்தச் சொல் கதையில் ஓரிடத்திலும் வருவதில்லை. இதை முன்னுரையிலேயே உடைத்துச் சொல்லிவிட்டால் பாடம் எளிதாகும், கதை செத்துப்போகும். ஆகவே பேசுபவர் பெயர் இல்லாத உரையாடல் வரிகளுக்கு எதிரே, பேசுவது அவனா அவளா என்று மட்டும் குறிக்கச் சொல்கிறேன். எங்கே குறிக்க முடியாமல் தடுமாறுகிறார்களோ, அங்கிருந்து விவாதம் தானாகவே கிளம்பிவிடுகிறது.

அடுத்ததாக நான் எடுத்துக்கொள்வதும், வகுப்பில் அதிக நேரம் செலவிடுவதும், ஜேம்ஸ் ஜாய்ஸின் ‘ஈவ்லின்’ கதைக்குத்தான். 1904-இல் இதழொன்றில் வந்து, பின்னர் 1914-இல் ‘டப்ளினர்ஸ்’ தொகுப்பில் இடம்பெற்ற சிறிய கதை இது. பத்தொன்பது வயது கடந்த பெண் சன்னலோரம் அமர்ந்து, காதலனுடன் ப்யூனஸ் அயர்ஸுக்குக் கப்பலேறுவதா வீட்டிலேயே இருந்துவிடுவதா என்று யோசிக்கிறாள். வீட்டை விட்டுப் போகச் சம்மதித்துவிட்டாள் என்று ஒரு வாக்கியம் சொல்கிறது. அடுத்த வாக்கியம், அது அறிவுடைமையா என்று கேட்கிறது. இந்தக் கேள்வியைக் கேட்பவர் யார்? கதைசொல்லி என்று பாதிப்பேர் சொல்வார்கள். மேற்கோள்குறி இல்லையே என்பது அவர்கள் வாதம். பள்ளியில் நேர்கூற்றும் அயற்கூற்றும் படித்து வந்தவர்களுக்கு, ‘அவள் நினைத்தாள்’ என்ற சொற்களே இல்லாமல் வரும் அயற்கூற்று புதிதாக இருப்பது இயல்புதான்.

இங்கே இலக்கணம்தான் கைகொடுக்கிறது. ஈவ்லினின் சிறுவயது நினைவுகளில் பல ‘யூஸ்ட் டு’ என்ற வடிவத்தில் வருகின்றன. சன்னலோரத்து மாலைப்பொழுது எளிய இறந்தகாலத்தில் நகர்கிறது. அவள் போய்ச்சேரப் போகும் வாழ்க்கை, அங்கே தனக்குத் திருமணமாகும், மக்கள் தன்னை மதிப்பார்கள் என்ற கனவு, ‘வுட்’ என்ற துணைவினையில் ஓடுகிறது. நிபந்தனை வாக்கியங்களில் மட்டுமே இந்தத் துணைவினையைப் பழகியவர்கள் ‘இஃப்’ எங்கே என்று தேடுகிறார்கள். அவள் மனத்துக்குள் ‘வில்’ என்று ஒலித்தது கதைசொல்லியின் இறந்தகாலத்துக்குள் வரும்போது இப்படி மாறியது என்று காட்டிவிட்டால், குழப்பம் பெரும்பாலும் விலகிவிடுகிறது. இறந்தகால வினையோடு ‘இப்போது’ என்ற சொல் சேர்ந்து வருவதையும் உடனே கவனிக்கத் தொடங்குகிறார்கள். மூன்று நிறப் பென்சில்களால் மூன்று காலங்களையும் அடிக்கோடிடச் சொன்னால், கதையின் முற்பகுதியில் மூன்று நிறங்களும் மாறிமாறி வருவதும், துறைமுகக் காட்சியில் கனவின் நிறம் அருகிப்போவதும் தாளிலேயே தெரிகின்றன. அவள் ஏன் கப்பலேறவில்லை என்ற கேள்விக்கு இந்தத் தாளை வைத்துக்கொண்டு பேசும் மாணவர், வழிகாட்டிநூலை ஒப்பிப்பவரைவிட நன்றாகவே பேசுகிறார்.

வர்ஜீனியா வூல்ஃபின் ‘மிஸஸ் டாலோவே’ (1925) நாவலை முழுமையாக வைக்க நேரம் போதாது. விமானம் லண்டன் வானத்தில் புகையால் எழுதும் பகுதியை மட்டும் வைக்கிறேன். கீழே நிற்கும் கூட்டத்தில் ஒருவர் க்ளாக்ஸோ என்கிறார், இன்னொருவர் க்ரீமோ என்கிறார், மற்றொருவர் டாஃபி என்கிறார். போரில் மனம் சிதைந்து திரும்பிய செப்டிமஸ், தனக்குத்தான் ஏதோ சமிக்ஞை வருகிறது என்று நம்புகிறான். ஆங்கிலேயர்களே ஆங்கில எழுத்துகளைப் படிக்க முடியாமல் ஆளுக்கொன்று சொல்வதைக் காணும்போது மாணவர்களுக்கு உண்டாகும் நிம்மதியைப் பார்க்க வேண்டும். மனத்தில் எண்ணங்கள் இடையறாமல் ஓடிக்கொண்டிருப்பதைக் குறிக்கும் நனவோடை என்ற கருத்தை உளவியலில் வில்லியம் ஜேம்ஸ் 1890-இல் விளக்கியதையும், எழுத்தாளர் மே சின்க்ளேர் 1918-இல் டோரதி ரிச்சர்ட்சனின் நாவல்களைப் பற்றி எழுதும்போது அதை இலக்கியத்துக்குப் பயன்படுத்தியதையும் இதற்குப் பிறகே சொல்கிறேன். முன்கூட்டியே சொன்னால், அது தேர்வுக்கான குறிப்பாக மட்டுமே நோட்டில் தங்கிவிடும்.

எளிமைப்படுத்திய பதிப்புகளை நான் வகுப்பில் அனுமதிப்பதில்லை. சாகசக் கதையைச் சுருக்கினாலும் சாகசம் மிஞ்சும். வூல்ஃபின் வாக்கியத்தை நான்காக வெட்டி, ஒவ்வொன்றிலும் ‘அவள் நினைத்தாள்’ என்று சேர்த்துவிட்டால், கற்பிக்க வேண்டியது எதுவோ அதுவே போய்விடுகிறது. பக்கங்களைக் குறைக்கலாம், வாக்கியத்தில் கைவைக்கக் கூடாது. ஜாய்ஸின் ‘யுலிஸிஸ்’ (1922) நாவலின் இறுதி அத்தியாயத்தில் அரைப்பக்கத்தைக்கூட இப்படித்தான் தருகிறேன்: நிறுத்தக்குறிகள் இல்லாத அந்தப் பகுதியில் அவரவர் விருப்பப்படி குறிகளை இட்டு, பக்கத்திலிருப்பவருடன் ஒப்பிட வேண்டும். ஒருவர் முற்றுப்புள்ளி வைத்த இடத்தில் மற்றவர் காற்புள்ளி வைத்திருப்பார். ஏன் என்று இருவரும் ஆங்கிலத்திலேயே வாதாடிக்கொள்வார்கள்.

தேர்வில் கருப்பொருளை விளக்குக என்று நான் கேட்பதில்லை. வகுப்பில் பார்க்காத ஒரு பத்தியைக் கொடுத்து, எந்த வாக்கியம் கதைசொல்லியுடையது, எது பாத்திரத்துடையது, எதைத் தீர்மானிக்க முடியவில்லை என்று சான்றுடன் எழுதச் சொல்கிறேன். தீர்மானிக்க முடியாமைக்குச் சரியான காரணம் எழுதியவருக்கும் முழு மதிப்பெண் உண்டு.