அந்தத் தேர்வை யார் நடத்துகிறார்கள்?

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம். ப்ளஸ் டூ விலங்கியல் வகுப்பில் பரிணாமப் பாடம். கரும்பலகையில் 'இயற்கைத் தேர்வு' என்று எழுதி, அடிக்கோடு போட்டுவிட்டுத் திரும்பினால் மூன்றாவது பெஞ்சில் ஒரு கை உயர்ந்திருந்தது.

"டீச்சர், அந்தத் தேர்வை யார் நடத்துவாங்க?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். "உட்காருடா, உனக்கு எந்நேரமும் பரீட்சை ஞாபகம்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்த பாயிண்டுக்குப் போய்விட்டேன். அவன் கிண்டலுக்குக் கேட்கவில்லை என்று எனக்கு உறைக்கப் பதினைந்து வருடத்துக்கு மேல் ஆயிற்று.

அப்போதெல்லாம் அந்தப் பாடத்தை நான் நடத்திய விதம் இதுதான். முதலில் லாமார்க், எட்டி எட்டி முயன்றதால் நீண்டதாக அவர் சொன்ன ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து. அடுத்து வெய்ஸ்மான், தலைமுறை தலைமுறையாக எலியின் வாலை வெட்டியும் குட்டிகள் வாலோடே பிறந்த கதை. அதற்கப்புறம் டார்வின், ஐந்து பாயிண்ட். மிகை உற்பத்தி, வாழ்க்கைப் போராட்டம், வேறுபாடுகள், தக்கன பிழைத்தல், புதிய சிற்றினம். நோட்ஸ் கொடுத்து, ஒப்பிக்க வைத்து, டெஸ்ட் வைப்பேன். பிள்ளைகள் ஐந்து பாயிண்டையும் மனப்பாடமாக எழுதுவார்கள். நானும் திருப்தியாக டிக் போடுவேன்.

ஒரு வருடம் பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் முகாமில் ஒரு தாள் கைக்கு வந்தது. நல்ல கையெழுத்து. "இயற்கை வைக்கும் தேர்வில் தகுதி பெற்ற உயிரினங்கள் தேர்ச்சி பெறுகின்றன. முயற்சி செய்யாதவை தோல்வியடைந்து அழிந்துவிடுகின்றன" என்று அந்தப் பிள்ளை எழுதியிருந்தது. விடைக்குறிப்பில் இருந்த சொற்கள் எல்லாம் இருந்தன. முழு மதிப்பெண் போட்டுவிட்டு அடுத்த தாளை எடுத்தேன். மதியம் சாப்பிடும்போதுதான் உறுத்தியது. முயற்சி செய்து மாறுவது லாமார்க் சொன்னது. அதை டார்வின் பெயரில் எழுதியிருக்கிறது, நானும் மார்க் போட்டிருக்கிறேன். என் பிள்ளைகளும் ஏதோ ஒரு ஊரில் இதைத்தானே எழுதியிருப்பார்கள்?

குழந்தைகள் மேல் தப்பில்லை. நம் ஊரில் தேர்வு என்றால் பரீட்சை. தகுதி என்றாலும் பரீட்சைதான். ஆசிரியர் வேலைக்குத் தகுதித் தேர்வு, மருத்துவப் படிப்புக்குத் தகுதி காண் தேர்வு. 'தகுதியுள்ளவை பிழைக்கும்', 'இயற்கைத் தேர்வு' என்ற இரண்டையும் ப்ளஸ் டூ படிக்கிற பிள்ளையிடம் சேர்த்துச் சொன்னால், வேறு என்னதான் நினைக்கும்? இலங்கையில் பரீட்சை என்றே சொல்வார்கள், பரிணாமத்துக்கும் 'கூர்ப்பு' என்று தனியாக ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். அங்கே இந்தக் குழப்பம் கொஞ்சம் குறைவாக இருக்கலாம். நாமோ வெறும் பரிணாமம் என்றுகூட விடுவதில்லை, 'பரிணாம வளர்ச்சி' என்கிறோம். இருட்டுக் குகையில் வாழும் மீன் தலைமுறைகளில் கண்ணை இழப்பதும் பரிணாமம்தான். அதில் எங்கே வளர்ச்சி?

சிக்கல் தமிழில் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். பள்ளிக் கணினி அறைக்கு இணையம் வந்த பிறகு, கேம்பிரிட்ஜ்காரர்கள் டார்வினின் கடிதங்களை எல்லாரும் படிக்கும்படி போட்டிருப்பது தெரிந்தது. என் ஆங்கிலத்துக்கு அகராதி பக்கத்தில் வேண்டும். இருந்தாலும் விடாமல் படித்தேன். டார்வினைப் போலவே இயற்கைத் தேர்வைத் தனியாகக் கண்டுபிடித்த வாலஸ், 1866 ஜூலையில் டார்வினுக்கு எழுதிய ஒரு கடிதம் அங்கே இருந்தது. புத்திசாலிகளே உங்கள் கருத்தைப் புரிந்துகொள்ளாமல் போவதற்கு 'இயற்கைத் தேர்வு' என்ற சொல்தான் காரணம், தேர்வு என்றதும் தேர்ந்தெடுக்கிற ஒருவரை மனம் தேடுகிறது என்பது அதன் சாரம். அதற்குப் பதில் தத்துவவாதி ஹெர்பர்ட் ஸ்பென்சரின் 'தக்கன பிழைத்தல்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளலாமே என்று யோசனையும் சொல்கிறார். டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' நூலின் தன் சொந்தப் பிரதியில் வாலஸ் பல இடங்களில் 'இயற்கைத் தேர்வு' என்பதை அடித்துவிட்டு மாற்றியே எழுதி வைத்திருந்தாராம்.

என் மூன்றாவது பெஞ்சுப் பையன் கேட்டதும் இதையேதான். வாலஸ் கேட்டபோது யாரும் சிரிக்கவில்லை, அவ்வளவுதான்.

வாலஸைப் பற்றி அதுவரை வகுப்பில் நான் சொன்னது ஒரே வரி. அவர் 14 வயதில் பள்ளியை விட்டவர். நில அளவை வேலை பார்த்தார். பிறகு பூச்சிகளையும் பறவைகளையும் பிடித்துப் பதப்படுத்தி லண்டனுக்கு அனுப்பி, அந்த வருமானத்தில்தான் காடு காடாக அலைந்தார். 1858 தொடக்கத்தில், இன்றைய இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளில் காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு கிடந்தபோது அவருக்கு அந்த எண்ணம் தோன்றியது. எழுதி நேராக டார்வினுக்கே அனுப்பிவிட்டார். இருபது வருடமாக அதே கருத்தை மேசைக்குள் வைத்திருந்த டார்வினுக்கு எப்படி இருந்திருக்கும்! நண்பர்கள் புகுந்து, இருவர் எழுதியதையும் சேர்த்து 1858 ஜூலை 1 அன்று லண்டனில் இயற்கை ஆய்வாளர்களின் லின்னேயன் சங்கத்தில் வாசிக்க ஏற்பாடு செய்தார்கள். இருவருமே அங்கே இல்லை. வாலஸ் தீவில் இருந்தார். டார்வின் வீட்டில் மூன்று நாள் முன்புதான் கைக்குழந்தை காய்ச்சலில் இறந்திருந்தது. அந்தச் சங்கத்தின் தலைவர் மறு வருடம், போன ஆண்டில் துறையையே புரட்டிப்போடும் கண்டுபிடிப்பு எதுவும் இல்லை என்ற பொருளில் பேசினார். ஆண்டாய்வு அறிக்கைகள் வாசித்துப் பழகிய எங்கள் ஸ்டாஃப் ரூமில் இதைச் சொன்னபோது நல்ல சிரிப்பு.

சரி, சொல்லுக்கு வருகிறேன். வாலஸ் சொன்னதில் நியாயம் இருக்கிறது, ஆனால் சொல் உலகெங்கும் பரவிவிட்டது, இனிக் கைவிட முடியுமா என்று டார்வின் பதில் எழுதினார். 1869-ல் வந்த தன் நூலின் ஐந்தாம் பதிப்பில் ஸ்பென்சரின் சொல்லையும் பக்கத்தில் சேர்த்துக்கொண்டார். எனக்கு அதில் வருத்தம்தான். ஒரு குழப்பத்தைத் தீர்க்க வந்த சொல், 'வலியவன் வாழ்வான்' என்று ஊரை ஏய்ப்பவர்கள் எல்லாம் எடுத்துக்கொள்ள வசதியாகிவிட்டது. அதற்கும் முன்னால், 1860-லேயே, புவியியலாளர் நண்பர் லயலுக்கு எழுதிய கடிதத்தில், மறுபடி முதலிலிருந்து தொடங்குவதானால் 'இயற்கைப் பாதுகாப்பு' என்ற பொருள் தரும் சொல்லைப் போட்டிருப்பேன் என்கிறார் டார்வின். நான் அதை 'இயற்கையில் மிஞ்சுதல்' என்று தமிழாக்கிக்கொண்டேன். அதன் அர்த்தத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தவன் ஒரு புறாக்காரப் பையன்.

அவன் படிப்பில் சுமார். மொட்டை மாடியில் கர்ணப்புறா வளர்த்தான். வானத்தில் ஏறிக் குட்டிக்கரணம் போட்டு இறங்கும் ரகம். பந்தயத்துக்கு விடுவான், அந்த நாட்களில் வகுப்புக்கு வரமாட்டான். ஒரு நாள் திட்டுவதற்காகத்தான் கூப்பிட்டேன். பேச்சு எப்படியோ புறாவுக்குப் போய்விட்டது.

"கரணம் போடாத குஞ்சை என்னடா பண்ணுவே?"

"வித்துருவோம் டீச்சர். இல்லேன்னா கறிக்குப் போயிரும்."

"நல்லாப் போடுறதை?"

"அதை ஒண்ணும் பண்ண மாட்டோம். அது பாட்டுக்கு இருக்கும், ஜோடி சேரும், குஞ்சு பொரிக்கும்."

'அதை ஒண்ணும் பண்ண மாட்டோம்' என்று அவன் சொன்னதும் எனக்குத் திட்ட வேண்டும் என்பதே மறந்துபோனது. எந்தப் புறாவுக்கும் அவன் கரணம் கற்றுக்கொடுக்கவில்லை. எந்தப் புறாவும் முயற்சி செய்து கற்கவுமில்லை. கழிந்தது போக மிஞ்சியது இனம் பெருக்கியது. சில தலைமுறையில் மாடி முழுக்கக் கரணம் போடும் கூட்டம். கழிக்கிற ஆளை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வறட்சியையும் வல்லூறையும் நோயையும் வைத்துவிட்டால் டார்வின் வந்துவிடுவார்.

டார்வினும் இதே வழியில்தான் வந்தார் என்பதைப் பின்னால் படித்தேன். 1855-லிருந்து வீட்டிலேயே புறாக்கூண்டு கட்டி ரகம் ரகமாக வளர்த்தார். லண்டன் புறாக்காரர்களின் சங்கங்கள் இரண்டில் சேர்ந்தார். 1859-ல் வெளிவந்த 'உயிரினங்களின் தோற்றம்' டார்வின் கப்பலில் போய்ப் பார்த்த காலபாகஸ் தீவில் தொடங்குவதில்லை. வளர்ப்புப் பிராணிகளில், அதிலும் பக்கம் பக்கமாகப் புறாவில் தொடங்குகிறது. கையெழுத்துப் பிரதியைப் பார்த்த ஒரு பத்திரிகை ஆசிரியர், மற்றதெல்லாம் எதற்கு, புறாவைப் பற்றி மட்டும் எழுதச் சொல்லுங்கள், எல்லாருக்கும் பிடிக்கும் என்று பதிப்பாளருக்கு யோசனை சொன்னாராம். இன்னொன்று. பதப்படுத்திய புறாத் தோல்களை இந்தியாவிலிருந்து அனுப்பி உதவியதாக டார்வின் அதில் நன்றி சொல்லும் எலியட், மதராஸ் மாகாண அரசில் பெரிய பதவியில் இருந்த வால்டர் எலியட்தான். அமராவதிச் சிற்பங்களைச் சென்னைக்குக் கொண்டுவந்தவரும் அவரே. இதைச் சொன்னதும் புறாக்காரப் பையன், "அப்ப நம்ம ஊருப் புறாவும் அதுல இருக்கா டீச்சர்?" என்று கேட்டான். அன்றிலிருந்து வகுப்புக்கு ஒழுங்காக வந்தான் என்று எழுத ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

ஆனால் ஒரு கேள்வி கேட்டான். கழிக்கிறது சரி, முதன்முதலில் கரணம் போட்ட குஞ்சு எங்கிருந்து வந்தது? டார்வினுக்கே தெரியாத விஷயம் இது. தாய் தகப்பன் குணம் பாலும் தண்ணீருமாகக் கலந்துவிடும் என்று நம்பிய காலம். அப்படிக் கலந்தால் எந்தப் புதிய குணமும் சில தலைமுறையில் நீர்த்துப்போகுமே என்று 1867-ல் ஃப்ளீமிங் ஜென்கின் என்ற பொறியாளர் மடக்கினார். குணங்கள் கலப்பதில்லை, தனித்தனியாகவே இறங்குகின்றன என்று மெண்டல் அதற்கு முந்தைய வருடமே பட்டாணிச் செடியை வைத்து எழுதி வெளியிட்டிருந்தார். 1900 வரை அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. இன்றைக்கு நாம் சொல்வது, டி.என்.ஏ. படியெடுக்கும்போது விழும் பிழை. பிழை என்ற சொல்லையும் பிழைப்பு என்ற சொல்லையும் கரும்பலகையில் அடுத்தடுத்து எழுதினேன். தேர்வு என்ற சொல்லில் தமிழ் என் காலை வாரிவிட்டதென்றால், இங்கே கைகொடுத்தது.

அப்புறம் பாடம் நடத்துவதையே மாற்றிக்கொண்டேன். பள்ளி மைதானத்து ஓரத்தில் நெருஞ்சிக்குப் பஞ்சமில்லை. காய்ந்த நெருஞ்சிமுள்ளைப் பொறுக்கி வரச் சொல்லுவேன். மேசையில் புருவம் பிடுங்கும் சின்ன இடுக்கி, சமையல்கட்டு இடுக்கி, எலெக்ட்ரீஷியன் குறடு. உடைத்து உள்ளே இருக்கும் விதையை எடுக்க வேண்டும். கருவிதான் பறவையின் அலகு. யாருக்கு எந்தக் கருவி என்பது சீட்டுக் குலுக்கல். சின்ன இடுக்கி கிடைத்தவர்கள் என்ன முக்கினாலும் விதை வராது. 'இன்னும் முயற்சி பண்ணு' என்று நான் வேண்டுமென்றே ஏற்றிவிடுவேன். முயற்சியால் இடுக்கி குறடாகாது என்பது அவர்களுக்கே தெரிந்துவிடும்.

இது விளையாட்டுக்குச் சொன்ன உதாரணமல்ல. காலபாகஸின் டாப்னி மேஜர் என்ற குட்டித் தீவில் பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதி 1973-லிருந்து வருடா வருடம் போய்க் குருவிகளின் அலகை அளந்தார்கள். 1977-ல் மழை பொய்த்தது. மென்மையான சிறு விதைகள் தீர்ந்துபோய், மிஞ்சியதில் முக்கியமானது நம் நெருஞ்சியின் பங்காளிச் செடி ஒன்றின் முள்காய். நடுத்தரத் தரைக்குருவிகளில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் செத்தன. தப்பியவற்றின் அலகு சராசரியாக அரை மில்லிமீட்டர் போலக் கூடுதல் தடிமனாக இருந்தது. அவற்றின் குஞ்சுகளுக்கும் பெரிய அலகு. சரி, பெரிய அலகுதான் 'தகுதி' என்று முடிவு கட்டலாமா? 1983-ல் பசிபிக் கடல் சூடாகும் எல் நினோவால் மழை கொட்டித் தீர்த்தது. சிறு விதைகள் பெருகின. அதற்கடுத்த வருடங்களில் சிறிய அலகுக் குருவிகளின் கை ஓங்கியது. பாடத்திட்டத்தை இப்படி நடுவில் மாற்றினால் பெற்றோர் வழக்கே போட்டுவிடுவார்கள்.

பணி ஓய்வுக்கு முன் கடைசி முகாம். இயற்கைத் தேர்வை எடுத்துக்காட்டுடன் விளக்கு என்ற மாதிரியான கேள்வி. ஒரு தாளில் இப்படி இருந்தது: "மழை இல்லை. சின்ன அலகுக் குருவி நெருஞ்சியை உடைக்க முடியாமல் செத்தது. பெரிய அலகு மிஞ்சியது. அதன் குஞ்சுக்கும் பெரிய அலகு. இதில் யாரும் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை." அவ்வளவுதான். ஐந்து பாயிண்ட் இல்லை, டார்வின் பெயர்கூட இல்லை. அது எந்த ஊர்ப் பிள்ளையின் தாள் என்று தெரிய வழியில்லை. ஐந்துக்கு ஐந்து போட்டேன்.

சீஃப், அதாவது முகாமின் தலைமைத் தேர்வாளர், தாளைத் திருப்பிக் கொண்டுவந்தார். "கீயில இருக்கிற வார்த்தை ஒண்ணுகூட இல்லையே டீச்சர்? கேள்வியே இயற்கைத் தேர்வைப் பத்தித்தான். யாரும் தேர்ந்தெடுக்கலைன்னு எழுதியிருக்கான். எப்படி ஃபுல் மார்க் போட்டீங்க?"

வாலஸ் கடிதத்தில் ஆரம்பித்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். மதியக் கட்டுத் தாள்கள் மேசையில் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. கடைசியில் மூன்று மதிப்பெண்ணுக்கு ஒத்துக்கொண்டார்.