டிச் மறுபடி ஊதியது: 3½ அங்குல நீராவி எஞ்சினை எழுப்பிய குறிப்புகள்

பழைய நீராவி எஞ்சின் ஒன்று மறுபடி ஓடும் நாளில் கூட்டம் புகையையும் ஊதலையும் பார்க்கும். எஞ்சின் பைத்தியம் பிடித்தவன் கண் மட்டும் பிரஷர் கேஜ் முள்ளிலேயே இருக்கும். 1855-ல் லீட்ஸில் செய்து, 1909-ல் ஓய்வுக்குப் போன ஈஐஆர் 21 (ஈஸ்ட் இந்தியன் ரயில்வே எஞ்சின்), பெரம்பூர் லோகோ பணிமனையில் வேலை முடிந்து 2010-ல் ஓடியது. அந்தப் பெரிய எஞ்சினுக்கும், மேசைமேல் தூக்கி வைக்கக்கூடிய இந்தச் சின்ன எஞ்சினுக்கும் வேலையின் வரிசை ஒன்றுதான். முதலில் தண்ணீர், பிறகு காற்று, கடைசியில் நெருப்பு. இந்த வரிசையை மாற்றினால் எது கெட்டது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

இது 'டிச்'. எல்பிஎஸ்சி என்ற புனைபெயரில் எழுதிய கர்லி லாரன்ஸ், புதிதாகக் கற்பவர்களுக்காக வரைந்த 0-4-0 (நான்கு ஓட்டுச் சக்கரம் மட்டும்) டேங்க் எஞ்சின், அதாவது தண்ணீர்த் தொட்டி எஞ்சின்மேலேயே இருக்கும் ரகம். தண்டவாள அகலம் 3½ அங்குலம், அதாவது 89 மி.மீ. தாமிர பாய்லர், கரி எரிப்பு, வேலை அழுத்தம் 80 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 80 பவுண்டு). சிலிண்டரை வெர்னியரில் அளந்தபோது உள்விட்டம் 17.5 மி.மீ. முழு அழுத்தத்தில் அந்தக் கட்டைவிரல் அளவு பிஸ்டன்மேல் விழும் விசை சுமார் பதின்மூன்றரைக் கிலோ. பொம்மை என்று சொல்பவர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டலாம்.

வந்த நிலை: பெயின்ட் பளபளப்பு. சக்கரம் சுற்றவில்லை, கைப்பம்பு தண்ணீர் இழுக்கவில்லை, வாட்டர் கேஜ் கண்ணாடி வெள்ளையாகப் பூத்துக்கிடந்தது. பாய்லருக்குச் சோதனைச் சான்று எதுவும் இல்லை.

சக்கரம் இறுகியதற்குக் காரணம் துரு இல்லை, எண்ணெய். சிலிண்டரில் விட்ட ஸ்டீம் ஆயில் வருடக்கணக்கில் காய்ந்து கோந்தாகியிருந்தது. இந்த நிலையில் சக்கரத்தைக் கையால் திருகினால் சக்கரம் அச்சில் நழுவும், இரண்டு பக்கக் கிராங்குக்கும் (பிஸ்டன் தள்ளும் சக்கர முளைக்கும்) இடையிலான 90 டிகிரி போய்விடும். அதைச் சரிசெய்ய அச்சையே பிரிக்க வேண்டும். சிலிண்டர் மூடிகளைக் கழற்றி, டீசலில் இரண்டு நாள் ஊறவிட்டு, பிஸ்டன் ராடை மரக்கட்டை வைத்து மெல்லத் தட்டியதும் விட்டுக்கொடுத்தது.

அடுத்தது பாய்லரின் உள்பக்கம். போர்வெல் தண்ணீர் போட்டு ஓட்டிய பாய்லர் என்பது பார்த்தாலே தெரிந்தது. நெருப்புப் புகை போகும் டியூப்மேல் முட்டை ஓடு கனத்துக்கு உப்புப் படிந்திருந்தது. பித்தளைச் சாமான் எல்லாம் கழற்றிவிட்டு, மளிகைக்கடை எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) லிட்டருக்கு 50 கிராம் வீதம் வெந்நீரில் கரைத்து நிரப்பினோம். நுரை அடங்க இரண்டு மணி நேரம். இரண்டாம் தடவை ஊற்றியதில் கரைசல் லேசாக நீலம் காட்டியது. படிந்திருந்த உப்பு தீர்ந்து அமிலம் தாமிரத்தைத் தொட ஆரம்பித்ததற்கு அதுதான் அடையாளம். உடனே கொட்டி, சமையல் சோடாத் தண்ணீரால் அலசி, பிறகு மூன்று முறை நல்ல தண்ணீர். ராத்திரி முழுக்க ஊறட்டும் என்று விடுவது தப்பு. நெருப்பு எரியும் ஃபயர்பாக்ஸைச் சுற்றியுள்ள குறுகலான நீர்ச்சந்தில் வண்டல் தங்கும். பாய்லரைச் சாய்த்துக் குலுக்காமல் அது வெளியே வராது.

இனி அழுத்தச் சோதனை. இதை ஒருபோதும் காற்றில் செய்யக்கூடாது. காற்று அமுங்கும், அமுங்கியதெல்லாம் பாய்லர் பிளந்தால் ஒரே நொடியில் விரியும். தண்ணீர் கிட்டத்தட்ட அமுங்காது, விரிசல் விட்டாலும் ஒரு பீச்சலோடு முடிந்துபோகும். அதனால் கழுத்துவரை தண்ணீர் நிரப்பி, மேல் துளை வழியாகக் கடைசிக் குமிழி வெளியேறும்வரை பாய்லரை முன்னும் பின்னும் சாய்க்க வேண்டும். சேஃப்டி வால்வைக் கழற்றி அடைப்பு போட்டு, எஞ்சினின் கேஜை நம்பாமல் சோதனைக்கென்றே தனி கேஜ் மாட்டினோம். மாடல் எஞ்சின் வட்டாரத்து வழக்கம், புது பாய்லருக்கு வேலை அழுத்தத்தைப்போல் இரண்டு மடங்கு, பிற்பாடு வரும் சோதனைகளுக்கு ஒன்றரை மடங்கு. இதற்கு ஜாதகமே இல்லாததால் புதியது என்றே வைத்து 160 பிஎஸ்ஐ. (25 லிட்டருக்குக் குறைந்த கொள்ளளவு என்பதால் நம் நாட்டுக் கொதிகலன் சட்டம் இதை எட்டிப் பார்க்காது. இன்ஸ்பெக்டர் வரமாட்டார் என்றால் அந்த வேலையும் நம் தலையில்தான்.)

100-ஐத் தாண்டியதும் முள் மெல்ல இறங்க ஆரம்பித்தது. இரண்டு இடத்தில் கசிவு. ஒன்று, ஃபயர்பாக்ஸ் பக்கவாட்டில் ஒரு ஸ்டே (இரண்டு தகடுகளையும் பிடித்திருக்கும் கம்பி) நட்டின் ஓரம், நிமிடத்துக்கு ஒரு சொட்டு. அந்தக் காலத்து முறையில் ஸ்டே நட்டுகளைச் சாதாரண ஈயப் பற்றால் (சால்டரால்) அடைத்திருந்தார்கள். அந்தப் பற்று 183 டிகிரியில் உருகத் தொடங்கும். 80 பிஎஸ்ஐ-யில் பாய்லர் தண்ணீரின் சூடு 162 டிகிரி. இடையில் இருப்பது வெறும் 21 டிகிரி. தண்ணீர் மட்டம் ஒருமுறை இறங்கியிருந்தால் போதும், பற்று ஓடியிருக்கும். பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டு 300 டிகிரிக்குப் பக்கத்தில் உருகும் பற்றை வைத்தோம். வெள்ளிப் பற்று வைத்த முக்கிய இணைப்புகள் எல்லாம் நன்றாக இருந்தன. அவற்றில் கசிவு இருந்தால் ஈயத்தால் ஒட்டுப்போடும் பேச்சுக்கே இடமில்லை, வெள்ளிப் பற்றே மறுபடி வைக்க வேண்டும்.

இரண்டாவது கசிவுதான் நேரத்தைத் தின்றது. பாய்லரில் எங்கும் ஈரம் இல்லை, ஆனாலும் முள் இறங்குகிறது. அப்படியென்றால் தண்ணீர் வந்த வழியே திரும்பிப் போகிறது. பாய்லருக்குள் போன தண்ணீரைத் திரும்பவிடாத கிளாக் வால்வைத் திறந்து, பால்ரஸ் குண்டை வெளியே எடுத்து, உள்ளே டார்ச் அடித்தால் சீட்டின் (குண்டு உட்காரும் வாயின்) விளிம்பில் தலைமுடி கனத்தில் ஒரு வெள்ளை இழை. டெஃப்லான் டேப்பின் கிழிசல். யாரோ மரையின் கடைசி வரி வரைக்கும் டேப் சுற்றியிருக்கிறார்கள். முறுக்கும்போது உள்பக்கம் கிழிந்து தண்ணீரோடு வந்து குண்டுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டது. மரையின் உள்ளே போகும் முனையில் இரண்டு வரியை விட்டுத்தான் டேப் சுற்ற வேண்டும். கைப்பம்பு இழுக்காததற்கும் காரணம் ஒரு குண்டுதான்: உறிஞ்சும் பக்க வால்வில் குண்டு சீட்டோடு ஒட்டிக்கிடந்தது.

சீட்டைப் புதுப்பிப்பது சின்ன வேலை. சரியான அளவு ரீமரால் (துளை சீவும் கருவி) துளை வாயைச் சுத்தம் செய்து, ஒரு பழைய குண்டை வைத்து, பித்தளைக் கம்பியால் ஒரே ஒரு தட்டு. இரண்டாவது தட்டு தட்டினால் சீட் அகலமாகி மறுபடி கசியும். தட்டிய குண்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுக் குண்டு போட வேண்டும். குண்டு மேலே எழும்ப 0.8 மி.மீ. இடைவெளி போதும், அதிகம் விட்டால் பம்பின் ஒவ்வொரு அடிக்கும் குண்டு தாமதமாக உட்காரும், பாதித் தண்ணீர் பின்னால் போய்விடும். இதற்குப் பிறகு 160-ல் அரை மணி நேரம் முள் அசையவில்லை. இந்த எஞ்சினில் இதுவரை கிடைத்த சந்தோஷங்களில் முதலிடம் இந்த அரை மணி நேரத்துக்குத்தான், ஊதலுக்கு இரண்டாமிடம்.

காற்றில் ஓட்டம்: சிலிண்டருக்கு மட்டும் கம்ப்ரசரிலிருந்து 25 பிஎஸ்ஐ. பிஸ்டன் பேக்கிங் கல்லாகிப் போயிருந்ததால், தண்ணீர் மோட்டார் கிளாண்டுக்குப் போடும் கிராஃபைட் கயிற்றைப் பிரித்து, ஒரு இழை மட்டும் சுற்றினோம். ஓ-ரிங் போடுவதானால் வைட்டான் ரகம்தான். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் கறுப்பு நைட்ரைல் இந்தச் சூட்டில் சில ஓட்டத்திலேயே இறுகி வெடிக்கும். ஒரு சுற்றுக்கு நான்கு 'சுஃப்' சம இடைவெளியில் கேட்க வேண்டும். கேட்டது மூன்றும் ஒரு முனகலும். ஆவியைச் சிலிண்டரின் இரு முனைக்கும் மாற்றி மாற்றி விடும் வலது பக்க ஸ்லைடு வால்வு முன்பக்கம் தள்ளி நின்றது. வால்வு ராடின் மரை அங்குலத்துக்கு 40. அரைச் சுற்று திருப்பினால் 0.32 மி.மீ. நகரும். அரைச் சுற்று பின்னால், மூடியை மாட்டினால் நான்கும் வந்தது. இந்த எஞ்சினில் வால்வை ஆட்டும் எக்சென்ட்ரிக் அச்சின்மேல் நழுவும் ரகம் என்பதால் ரிவர்ஸ் லீவர் கிடையாது. எந்தத் திசையில் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையால் ஒரு சுற்றுத் தள்ளிவிட்டு ஆவி விடும் ரெகுலேட்டரைத் திறக்க வேண்டும். இது தெரியாமல் 'பின்னால் ஓடவில்லை' என்று வால்வைப் பிரித்தவர்கள் உண்டு.

நெருப்புக்கு எரிபொருள் தேடுவது தனிப் பாடு. இங்கே சுலபமாகக் கிடைக்கும் நிலக்கரியில் சாம்பல் அதிகம். கால் மணி நேரத்தில் கிளிங்கர் (உருகி இறுகிய சாம்பல்) கட்டி, நெருப்பைத் தாங்கும் கிரேட்டை மூடிவிடும். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியை நினைக்கவே வேண்டாம், கிட்டத்தட்டப் பாதி எடை ஈரம். கைகொடுத்தது ராமநாதபுரம் பக்கத்துச் சீமைக்கருவேல மரக்கரி. கொண்டைக்கடலை அளவுக்கு உடைத்து, தூளைச் சலித்துத் தள்ளிவிட வேண்டும். தூள் போனால் டியூப் அடைக்கும். மரக்கரியின் குறை, சீக்கிரம் எரிந்து தீர்வதும் பொறி பறப்பதும். புகைப்போக்கிக்கு அடியிலுள்ள ஸ்மோக்பாக்ஸுக்குள் ஒரு துண்டுக் கம்பிவலை வைத்ததும் பொறி அடங்கியது. அடிப்படை நெருப்பு மரக்கரியில், மேலே இரண்டு கரண்டி நல்ல ஸ்டீம் கரி என்ற கலவைதான் கடைசியில் நிலைத்தது.

தண்ணீருக்கு மழைநீர். ஆர்.ஓ. தண்ணீர் உப்புப் படியவிடாது, ஆனால் மிகத் தூய்மையான தண்ணீர் பித்தளையிலிருந்து துத்தநாகத்தை மெல்ல இழுக்கும் என்பதால் தொடர்ந்து அதையே ஊற்றுவதில்லை.

மண்ணெண்ணெயில் ஊறிய மரக்கரியைப் பற்றவைத்து, புகைப்போக்கி மேல் சின்ன மின்விசிறியைக் கவிழ்த்து இழுக்க விட்டோம். 20 பிஎஸ்ஐ வந்ததும் விசிறியை எடுத்துவிட்டு எஞ்சினின் சொந்த ப்ளோயர், அதாவது புகைப்போக்கிக்குள் ஆவியைப் பீச்சி நெருப்பை இழுக்கும் குழல். பதினெட்டாம் நிமிடம் 80. அங்கேயே நிறுத்தி, நெருப்பை நிரப்பி, ப்ளோயரை முழுக்கத் திறந்து சேஃப்டி வால்வைப் பார்க்க வேண்டும்: முழு நெருப்பிலும் அழுத்தம் பத்து சதவீதத்துக்கு மேல், அதாவது 88-ஐத் தாண்டி, ஏறக்கூடாது. முதல் முறை 91 வரை போனது. உடனே நெருப்பைக் கொட்டியாயிற்று. ஸ்பிரிங் இறுக்கம் சரிதான்; குண்டைச் சுற்றியிருந்த வழி குறுகல், திறந்தும் ஆவி வெளியேற இடமில்லை. ஸ்பிரிங் தாங்கியில் மூன்று பள்ளம் அரத்தால் ராவியபின் 84-ல் நின்றது.

இன்னொரு எச்சரிக்கை வாட்டர் கேஜ் பற்றி. 5 மி.மீ. கண்ணாடிக்குள் தண்ணீர் ஒட்டிக்கொண்டு பொய் சொல்லும். கீழ்க் குழாயைத் திறந்து ஊதிவிட்டு, மட்டம் துள்ளி ஏறினால்தான் நம்பலாம். சோம்பலாக ஏறினால் துளையில் அடைப்பு.

ஓட்டம்: 12 மீட்டர் நேர்ப் பாதை, பின்னால் ஒரு ஆள் உட்கார்ந்த வண்டி. குளிர்ந்த சிலிண்டரில் ஆவி தண்ணீராகிவிடும் என்பதால் புகைப்போக்கி மேல் பழந்துணியைப் போட்டு, கையால் நாலு தடவை முன்னும் பின்னும் தள்ளினோம். துணி நனைந்து சொட்டியது. ஐந்தாவது தள்ளலில் 'சுஃப்' காய்ந்த சத்தமாக மாறியது. கையை எடுத்தோம், அது போய்க்கொண்டே இருந்தது. அந்த மாற்றத்தைக் காதால் கேட்டவனுக்கு மின்சார எஞ்சின்மேல் மனசு ஒட்டுவது கஷ்டம்.

நாற்பது நிமிட ஓட்டத்துக்குப் பின் புகைப்போக்கி விளிம்பில் விரல் வைத்தால் எண்ணெய்ப் பிசுபிசுப்பு. லூப்ரிகேட்டர் வேலை செய்வதற்கு அதுவே சாட்சி. 460 கிரேடு ஸ்டீம் ஆயில், மெஷின் ஆயில் போட்டால் ஈர ஆவியில் கழுவிக்கொண்டு போய்விடும். நெருப்பைத் தட்டிவிட்டு, 20 பிஎஸ்ஐ-க்கு இறங்கியதும் அடி வால்வைத் திறந்து பாய்லரைக் காலி செய்தோம். இன்னும் சூடு இருக்கும்போதே காலி செய்தால் மிச்ச ஈரம் தானே காயும்.

பாக்கி: இடது சிலிண்டர் முன்மூடியில் லேசான ஆவிக் கசிவு, கேஸ்கெட் புதிதாக வெட்ட வேண்டும். சக்கர அச்சு ஓட்டும் பம்பு தேவைக்கு மேல் தண்ணீர் தள்ளுகிறது, மிச்சத்தைத் திருப்பிவிடும் பைபாஸ் வால்வின் ஊசி தேய்ந்திருக்கிறது. ஊதல் சுருதி சேரவில்லை. குழாயை 3 மி.மீ. வெட்டிப் பார்க்க உத்தேசம்.