சிக்னலிங்குக்கு எந்த வரிசை?

லிங்க் பாதிகூட நிரம்பவில்லை, கிராஃபில் எல்லாம் பச்சை. ஆனாலும் அழைப்பு இணைய நேரம் பிடிக்கிறது. ஐந்து நிமிடச் சராசரியில் சில மில்லிவிநாடி நெரிசல் தெரியாது. அழைப்பை ஏற்படுத்தவும் முடிக்கவும் கருவிகள் பரிமாறும் செய்திகளான சிக்னலிங்கைக் கெடுக்க அந்தச் சில மில்லிவிநாடியே போதும். குரல் பாக்கெட் ஒன்று தொலைந்தால் காதுக்கு எட்டாமலே போகலாம். வந்து சேர்ந்ததை உறுதிசெய்யாத யுடிபி வழி போகும் சிப் இன்வைட், அதாவது அழைப்பைத் தொடங்கும் செய்தி, தொலைந்தால் அரை விநாடி கழித்துத்தான் மறுபடி கிளம்பும், அதுவும் போனால் அடுத்ததற்கு ஒரு விநாடி. எல்டிஇயில் (4ஜி) ஐஎம்எஸ் எனும் அழைப்புக் கட்டமைப்பின் சிக்னலிங்குக்கான தர வகுப்பு கியூசிஐ 5, பத்து லட்சத்தில் ஒரு பாக்கெட் இழப்பைத்தான் அனுமதிக்கிறது. குரலுக்கான கியூசிஐ 1 நூறில் ஒன்றுவரை பொறுத்துக்கொள்கிறது.

சிக்னலிங் முக்கியம்தானே என்று அதைக் குரலோடு ரூட்டரின் முன்னுரிமை வரிசையில் (முதலில் அனுப்பப்படும் பாக்கெட்டுகளின் வரிசை) போடுவது பரவலான தவறு. அந்த வரிசைக்கு வழக்கமாக ஒரு உச்சவரம்பு வைத்திருப்பார்கள். மீறியது அங்கேயே கழிக்கப்படும். குரல் சீராக வரும், சிக்னலிங் கொத்துக் கொத்தாக வரும். உறுதியான பேண்ட்விட்த்தும் கொஞ்சம் பஃபரும் (காத்திருக்கும் இடம்) உள்ள தனி வரிசைதான் அதற்குப் பொருத்தம். லிங்கில் 5 சதவீதம் ஒதுக்கினாலே பெரும்பாலும் தாராளம்.

தனி வரிசை வைத்த பிறகும் இரண்டும் ஒன்றாய்க் கலப்பதுண்டு. பாக்கெட்டின் தலைப்பில் எந்த வகை என்று காட்டும் ஆறு பிட் எண்ணான டிஎஸ்சிபியில் சிக்னலிங்குக்கு 40, குரலுக்கு 46 என்று குறித்திருப்போம். நடு நெட்வொர்க்கில் பாக்கெட்டோடு ஒட்டும் எம்பிஎல்எஸ் லேபிளில் இதற்கு இருப்பது மூன்று பிட்தான். ரூட்டர் முதல் மூன்று பிட்டை அப்படியே நகலெடுத்தால் 40ம் 5, 46ம் 5. எட்ஜில் (நெட்வொர்க்கின் விளிம்பில்) கச்சிதமாகப் பிரித்தது கோரில் (நடுவில்) ஒரே வரிசையில் வந்து நிற்கும். மேப்பிங்கை கையால் எழுதி, சிக்னலிங்கை 3க்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது.

இன்னொரு பொறி: சில கருவிகள் டிஎஸ்சிபி மதிப்பைக் கேட்கும், சில அதோடு இன்னும் இரண்டு பிட்டும் சேர்ந்த முழு டாஸ் பைட்டைக் கேட்கும். பைட்டில் 160 போட வேண்டிய இடத்தில் 40 போட்டால் டிஎஸ்சிபி 10 ஆகிவிடும். எந்த எச்சரிக்கையும் வராது. ஆகவே இரு முனையிலும், இரு திசையிலும் பாக்கெட்டைப் பிடித்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஒரு திசையில் 160, எதிர்த்திசையில் 0 என்றால், வழியில் ஏதோ ஒரு ஸ்விட்ச் போர்ட் குறியீட்டை நம்பாமல் அழிக்கிறது.

ஐபிக்கு முந்தைய சிக்னலிங் முறையான எஸ்எஸ்7 காலத்தில் லிங்கை 0.4 எர்லாங்குக்கு (40 சதவீதச் சுமை) மேல் ஏற்றாமல் திட்டமிட்டார்கள். ஜோடியில் ஒன்று விழுந்தாலும் மற்றது 0.8ல் தாங்கும். ஐபிக்கு வந்ததும் அந்தப் பொறுப்பில் பாதி சிக்னலிங்கைச் சுமக்கும் எஸ்சிடிபி நெறிமுறையின் டைமர்களிடம் போய்விட்டது. குறைந்தபட்ச ஆர்டிஓ (மறுபடி அனுப்புமுன் காத்திருக்கும் நேரம்) 1 விநாடி, பாதைக்கு 5 மறுமுயற்சி என்ற இயல்பு மதிப்புகளை அப்படியே விட்டால், பாதை செத்தது என்று முடிவுசெய்ய 1, 2, 4, 8, 16, 32 என 63 விநாடி. 300 மில்லிவிநாடியும் 3 மறுமுயற்சியும் வைத்தால் சுமார் 4.5 விநாடி. இன்னும் குறைக்கும் ஆசை வரும். எதிர்முனை ஒப்புகையை 200 மில்லிவிநாடிவரை தாமதிக்கலாம் என்பதால், அதற்குக் கீழே இறங்கினால் நல்ல பாதையிலும் தேவையற்ற மறுஅனுப்பல்கள் தொடங்கும். மாற்றுப் பாதைக்காக வைத்த இரண்டு ஐபி முகவரிகளும் ஒரே ஸ்விட்ச் வழியே போனால் இந்தக் கணக்கெல்லாம் வீண்.

பெரிய பழுது சரியானதும் எல்லாக் கைபேசிகளும் ஒரே நேரத்தில் பதிவுசெய்ய வரும். அப்போது திணறுவது லிங்க் அல்ல, சர்வர். வரிசைகளால் அங்கே பயனில்லை. சந்தாதாரர் விவரம் கேட்கும் டயாமீட்டர் நெறிமுறையில் 3004 (மிகவும் பிஸி), சிப்பில் ரீட்ரை-ஆஃப்டரோடு (எவ்வளவு நேரம் கழித்து வரலாம் என்ற குறிப்பு) 503 என்று சர்வர் முன்கூட்டியே மறுக்க வேண்டும். அனுப்புபவரும் அதை மதித்துக் காத்திருக்கிறாரா என்று சோதித்தே பார்க்க வேண்டும்.