பாட்டி உள்பக்கத்தைத்தான் பார்ப்பார்

யார் எதைத் தைத்துக் காட்டினாலும் பாட்டி முதலில் அதை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிவிடுவார். பிசிறு தெரிந்தால் திட்டமாட்டார். கட்டைவிரலால் அந்த இடத்தை ஒரு தடவு தடவிவிட்டுத் திருப்பிக் கொடுப்பார். எனக்கு அதுவே போதும், போய்ப் பிரித்துவிடுவேன்.

அவருடைய கால் மெஷின் இப்போது என்னிடம் இருக்கிறது. பல வருஷம் ஓடாமல் கிடந்தது. முதல் வாரம் அடிநூல் இருக்கும் ஷட்டிலுக்கு அடியில் அடைந்திருந்த பஞ்சை எடுப்பதிலும் எண்ணெய் விட்டு வெறுமனே மிதிப்பதிலுமே போனது.

அப்புறம் தலையணை உறை. மேலே தையல் நேராக வந்தது, அடியிலோ நூல் சுருள் சுருளாகக் கிடந்தது. அடிநூல் சுற்றிய பாபினில்தான் கோளாறு என்று இரண்டு நாள் அதன் கூட்டிலிருக்கும் திருகாணியையே திருகிக்கொண்டிருந்தேன். உண்மையில் அடியில் சுருள் விழுந்தால் மேல்நூல்தான் தளர்ந்திருக்கிறது. துணியை அழுத்திப் பிடிக்கும் மெஷின் பாதத்தை இறக்கிவைத்தே நூல் கோத்திருக்கிறேன். அப்போது மேல்நூலைப் பிடித்து இறுக்கும் டென்ஷன் தட்டுகள் இறுகியிருக்கும், நூல் அவற்றின் நடுவே இறங்காது. பாதத்தைத் தூக்கிவிட்டுக் கோத்ததும் சரியாகிவிட்டது. பாட்டி பாதத்தை 'டக்'கென்று தூக்கிய பிறகுதான் நூலைக் கையில் எடுப்பார். எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், ஏன் என்று கேட்டதில்லை.

இனி அவருடைய இரட்டைத் தையல். துணியின் நல்ல பக்கம் வெளியே தெரியும்படி இரண்டு துண்டுகளையும் சேர்த்து, கால் அங்குலத்தில் ஒரு தையல். ஓரத்தைப் பாதியாக நறுக்கி, திருப்பி, மடிப்பை நகத்தால் நன்றாகத் தேய்த்து, மறுபடியும் கால் அங்குலத்தில் ஒரு தையல். வெட்டிய ஓரம் முழுக்க உள்ளே அடங்கிவிடும், எத்தனை முறை துவைத்தாலும் நூல் பிரியாது. எவ்வளவு அழகான வேலை இது! இரண்டு தையலுக்குமாகப் பக்கத்துக்கு அரை அங்குலம் கூடுதலாக விட்டு வெட்ட வேண்டும். முதல் உறைக்கு நான் கால் அங்குலம்தான் விட்டேன். தலையணை உள்ளே நுழையவில்லை.

இரண்டாவது உறை சரியான அளவில் வந்தது, மடிப்பைத் தேய்க்காததால் ஓரம் மட்டும் நெளிந்துவிட்டது.

மூன்றாவதை நேற்று ராத்திரி முடித்தேன். திருப்பிப்போட்டுக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தேன். ஓரம் முழுக்க வழவழவென்று போயிற்று. ஒரு மூலையில் மட்டும் மடிப்புகள் சேர்ந்து கட்டியாக நின்றன. திருப்புவதற்கு முன் அந்த மூலையைச் சாய்வாக நறுக்கியிருக்க வேண்டும். அங்கே இரண்டு தையலையும் பிரித்து வைத்திருக்கிறேன். நாளைக்கு வெளிச்சத்தில் தைக்க வேண்டும்.