பேனல் காட்டும் சதவீதமும் பைக்குள் இருக்கும் மையும்

நிறத்துகள் மிதக்கும் பிக்மென்ட் மையில் பெரிய படங்களை அச்சிடும் பிரின்டரின் பேனலில் தெரியும் மை அளவு, அளந்து சொன்னது அல்ல. மையைத் தெளிக்கும் ஹெட் எத்தனை துளி விட்டது, மையை வெளியேற்றி ஹெட்டின் துளைகளைச் சுத்தம் செய்யும் கிளீனிங் எத்தனை முறை நடந்தது என்று பிரின்டர் கணக்குப் போட்டு, மீதியை மைப் பை உள்ள கார்ட்ரிட்ஜின் சிப்பில் எழுதி வைக்கிறது. பெரும்பாலும் அந்தக் கணக்கு நம்பத்தக்கதுதான். ஆனால் குழாய் வழியே மை வராமல் ஹெட் வெறுமனே அடித்தாலும் கணக்கு குறைந்துகொண்டே போகும்.

இங்கே சொல்வது 44 அங்குல அகலம் வரை அச்சிடும் எப்சன் ஷ்யூர்கலர் பி9000 வகையை வைத்து. இதில் 11 கார்ட்ரிட்ஜ்கள். 150, 350, 700 மி.லி. என மூன்று அளவுகளில் கிடைக்கும், கலந்தும் போடலாம். குழப்பம் தொடங்குவதும் அங்கேதான். 700 மி.லி.யில் 10 சதவீதம் என்றால் 70 மி.லி.; 150 மி.லி.யில் அதே 10 சதவீதம் வெறும் 15. அதனால் நாங்கள் சதவீதத்தை எழுதி வைப்பதில்லை, மி.லி.யாக மாற்றித்தான் எழுதுகிறோம்.

வேலை தொடங்கும் முன் ஒரு சின்னக் கணக்கு. சதுர அடிக்கு எல்லா நிறமும் சேர்த்துத் தோராயமாக 1 மி.லி. என்று வைத்துக்கொள்ளலாம். 44க்கு 60 அங்குலப் படம் ஒன்று 18 சதுர அடிக்குச் சற்று மேல். பத்துப் பிரதிக்கு 180 மி.லி.யைத் தாண்டும். இது 11 நிறத்துக்கும் சமமாகப் பிரியாது. இரவு வானம், இருட்டான உருவப்படம் போன்றவற்றில் போட்டோ பிளாக்கும் (பளபளப்பான தாளுக்கான கறுப்பு) லைட் பிளாக்கும் (வெளிறிய கறுப்பு) மற்றவற்றைவிட வேகமாக இறங்கும். ஒரு நிறம் மட்டும் மூன்றில் ஒரு பங்கு குடித்தால் 60 மி.லி. போய்விடும். 350 மி.லி. கார்ட்ரிட்ஜில் 10 சதவீதம் மிச்சம் இருந்தால் அது 35 மி.லி.தான், ஐந்தாறு பிரதிக்கு மேல் வராது. அப்போது நிறைந்த கார்ட்ரிட்ஜைப் போட்டுவிட்டு, பழையதைச் சின்ன வேலைகளுக்கு எடுத்து வைக்கிறோம். மீதி சிப்பிலேயே பதிவாகியிருப்பதால் திரும்பப் போட்டால் விட்ட இடத்திலிருந்து தொடரும். அச்சின் நடுவே மாற்றுவதையும் பிரின்டர் அனுமதிக்கும். ஆனால் நிறுத்திய இடத்தில் மை காய்ந்து, நிறத்தில் ஒரு பட்டை தெரியலாம். விற்பனைக்குப் போகும் படத்தில் அந்த அபாயத்தை ஏற்கக் கூடாது.

புதிய கார்ட்ரிட்ஜைப் போடும் முறை: குளிரான இடத்தில் இருந்தால் குறைந்தது 4 மணி நேரம் அறை வெப்பத்தில் வைக்க வேண்டும். படுக்கை வாட்டில் பிடித்து, இடமும் வலமுமாக 5 விநாடியில் 15 முறை ஆட்ட வேண்டும். பிக்மென்ட் என்பது நீரில் கரைந்த சாயம் அல்ல, மிதக்கும் துகள். அது அடியில் படிந்துவிட்டால் முதலில் அடர்ந்த மையும் பிறகு நீர்த்த மையும் வரும், தாளுக்கேற்ற நிறக் கோப்பான புரொஃபைலைச் சரியாகப் போட்டாலும் நிறம் ஒத்துவராது. சிப்பையும் மை வெளிவரும் துளையையும் விரலால் தொடக் கூடாது. பொருத்திய தேதியை மார்க்கரால் மேலேயே எழுதிவிடுங்கள். ஆறு மாதத்துக்குள் தீர்த்துவிட வேண்டும் என்பதால், மெதுவாகச் செலவாகும் ஆரஞ்சு, பச்சைக்கு 700 மி.லி. வாங்குவது பெரும்பாலான கடைகளுக்கு வீண்செலவு.

மாதம் ஒரு முறை ஒவ்வொன்றாகக் கழற்றி மெதுவாக ஆட்டும்போது தராசிலும் வையுங்கள். புதிதாகப் பொருத்தும்போதே எடை குறித்திருக்க வேண்டும். இந்த மையில் 1 மி.லி. என்பது ஏறக்குறைய 1 கிராம். சிப் 80 மி.லி. செலவு என்கிறது, எடையும் 80 கிராம் அளவில் குறைந்திருக்கிறது என்றால் எல்லாம் ஒழுங்கு. சிப்பில் குறைந்து எடையில் குறையவில்லை என்றால் மை போய்ச் சேரவில்லை என்று பொருள்: கார்ட்ரிட்ஜிலிருந்து மை எடுக்கும் ஊசி அடைத்திருக்கலாம், ஹெட்டுக்கு முன் மை அழுத்தத்தைச் சீராக்கும் டேம்பர் பழுதாகியிருக்கலாம், கார்ட்ரிட்ஜை அழுத்தும் காற்று எங்காவது கசியலாம். அந்த நிலையில் கிளீனிங் மேல் கிளீனிங் ஓட்டினால் ஹெட்டுக்குத்தான் கேடு. இதற்காக வாரந்தோறும் கழற்ற வேண்டாம். ஒவ்வொரு முறையும் துளையில் கொஞ்சம் மை காயும். கழற்றிய இடத்தைக் காலியாக விடவும் கூடாது.

ஹெட்டின் துளைகள் எல்லாம் மை விடுகின்றனவா என்று கோடுகள் அச்சிட்டுப் பார்க்கும் நாசில் செக்கும் இதையே வேறு வழியில் சொல்லும். கோடு ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் விட்டுப்போனால் காய்ந்த அடைப்பு. இடம் மாறி மாறி விட்டுப்போனால் காற்று அல்லது மை வரத்துக் குறை. முதலாவதற்கு அந்த நிற ஜோடிக்கு மட்டும் (கிளீனிங்கை இரண்டிரண்டு நிறமாகத் தேர்ந்தெடுக்கலாம்) கிளீனிங் போதும். மூன்று முறைக்கு மேல் தொடர்ந்து செய்யாமல் ஓர் இரவு விட்டுவைத்தால், பல நேரம் காலையில் தானாகவே சரியாகியிருக்கும். அறையின் ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே இறங்கும் ஏசி அறைகளில் இந்த அடைப்பு அடிக்கடி வரும்.

கிளீனிங்குக்கு மை போதாது என்று பிரின்டர் மறுத்தால், அந்த ஒரு கார்ட்ரிட்ஜைக் குப்பையில் போட வேண்டியதில்லை. நிறைந்ததைப் போட்டு, கிளீனிங் முடித்து, பழையதைத் திரும்பப் பொருத்தி மிச்சத்தை அச்சுக்குப் பயன்படுத்தலாம். "தீர்ந்தது" என்று சொன்ன பிறகும் பையில் சிறிது மை இருக்கும். காற்று ஹெட்டுக்குப் போகாமலிருக்க வைத்த இருப்பு அது, அதைக் கறக்க முயல வேண்டாம்.

போட்டோ பிளாக், மேட் பிளாக் (பளபளப்பில்லாத மேட் தாளுக்கான கறுப்பு) இரண்டுக்கும் ஹெட்டில் ஒரே வழிதான். மாற்றும் ஒவ்வொரு முறையும் குழாயிலிருக்கும் மை வெளியேற்றப்படும். மேட்டிலிருந்து போட்டோவுக்குத் திரும்பும்போது கூடுதல். மேட் தாள் வேலைகளைச் சேர்த்து வைத்து ஒரே நாளில் முடித்தால் அந்தச் செலவு குறையும்.

இப்படி வெளியேறுவதெல்லாம் மெயின்டனன்ஸ் டேங்கில் சேர்கிறது. அதற்கும் சிப் உண்டு, நிறைந்தால் பிரின்டர் நின்றுவிடும். கைவசம் ஒன்று எப்போதும் இருக்கட்டும்.