பதில் வந்த பிறகு என்ன செய்வீர்கள்?

பள்ளிப் பிள்ளைகளின் மனநலத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்யப் போகிறேன் என்று இப்போது தங்கைமார் சிலர் என்னிடம் பேச வருகிறார்கள். முதலில் கேட்பது நெட் என்ற தகுதித் தேர்வு, அதில் மேலே வந்தால் கிடைக்கும் ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை, நல்ல வழிகாட்டி. எல்லாம் தேவைதான். ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய். வீட்டில் கை நீட்டாமல் படிக்கலாம். ஆய்வுக்கு முன் படிக்க வேண்டிய கோர்ஸ் ஒர்க் பாடங்களையும் எப்படியாவது முடித்துவிடுவார்கள். ஆளை அசைத்துப் பார்ப்பது அதற்கு அப்புறம் வருகிற, ஆய்வால் யாருக்கும் தீங்கு வருமா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுவும், பள்ளிகளின் அனுமதியும், பெற்றோர் சம்மதமும்தான்.

பெங்களூரு மனநல மருத்துவ நிறுவனமான நிமான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பில், 13 முதல் 17 வயதுக்குள் இருப்பவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு மனநலக் கோளாறு இருந்தது. நாற்பது பேர் இருக்கிற வகுப்பில் ஏறக்குறைய மூன்று பேர். திருநெல்வேலி மாவட்டத்துக் கிராமப் பள்ளிகளில் அந்த மூன்று பேர் எப்படி இருக்கிறார்கள், யாரிடம் போய்ச் சொல்கிறார்கள் என்பதுதான் என் ஆய்வு. 9ஆம் வகுப்பை எடுத்துக்கொண்டேன். பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகள் பக்கம் எந்தத் தலைமையாசிரியரும் நம்மை விடமாட்டார்.

இங்கிலாந்து மனநல மருத்துவர் ராபர்ட் குட்மேன் 1997இல் வெளியிட்ட 25 கேள்விப் படிவத்தைப் பயன்படுத்தினேன். எஸ்.டி.கியூ. என்பார்கள். தமிழிலும் உண்டு. கடந்த ஆறு மாதத்தை நினைத்துப் பார்த்து, ஒவ்வொரு வரிக்கும் மூன்று கட்டங்களில் ஒன்றில் டிக் அடிக்க வேண்டும். ஒரு பீரியடுக்குள் முடிந்துவிடும்.

நெறிமுறைக் குழுவில் மருத்துவர்கள், சட்டம் படித்தவர் இவர்களோடு பொதுமக்கள் சார்பிலும் ஒருவர் இருப்பார். புள்ளியியல் கேள்விகள் வரும் என்று நான் படித்துக்கொண்டு போயிருந்தேன். கேட்டது அந்தப் பெரியவர். “பேப்பர்ல பேரு இருக்காதுன்னு சொல்லுதிய. சரி. ஒரு பிள்ளை மனசு ஒடஞ்சு கெடக்குன்னு மார்க்குல தெரிஞ்சா, அது எந்தப் பிள்ளைன்னு எப்படிம்மா கண்டுபிடிப்பிய?”

இந்தத் துறையின் முடிச்சே இதுதான். பெயர் கேட்டால் பிள்ளை உண்மையை எழுதாது. பெயர் தெரியாவிட்டால் நாம் எதுவும் செய்ய முடியாது. அங்கே விவாதித்து முடிவானது இப்படி: தாளில் குறியீட்டு எண் மட்டும். எண்ணுக்குரிய பெயர்ப் பட்டியல் என் பூட்டுக்குள். பள்ளியின் கைக்குப் போகாது. அன்றைய தாள்களை அன்று இரவே கூட்டிப் பார்த்துவிட வேண்டும். சிக்கலைக் காட்டும் மதிப்பெண் மிகக் கூடிய பிள்ளையிடம் மறுநாளே தனியாகப் பேச வேண்டும். அந்தப் பிள்ளையை மட்டும் கூப்பிட்டால் வகுப்பே திரும்பிப் பார்க்கும் என்பதால் வேறு நாலைந்து பேரையும் சேர்த்துக் கூப்பிடுவேன். பிறகு பிள்ளையிடம் சொல்லிவிட்டுப் பெற்றோரிடம் போவது. தேவைப்பட்டால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவு. அங்கே முன்கூட்டியே பேசிக் கடிதம் வாங்கி வைத்திருந்தேன். ராத்திரியில் பேச வேண்டும் என்றால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416. பாலியல் துன்புறுத்தல் என்று தெரியவந்தால் போக்சோ சட்டப்படி புகார் கொடுத்தே ஆக வேண்டும். அதை நான் ரகசியமாக வைத்துக்கொள்ள முடியாது என்பதைத் தாளைக் கொடுக்கும் முன்பே பிள்ளைகளிடம் சொன்னேன். சொன்னால் வாய் திறக்க மாட்டார்கள் என்று சிலர் தடுத்தார்கள். அவர்களை நம்பவைத்து ஏமாற்றிக் கிடைக்கும் பதில் எனக்கு வேண்டாம்.

அனுமதிக்கு அரசுப் பள்ளி என்றால் முதன்மைக் கல்வி அலுவலர், உதவிபெறும் பள்ளி என்றால் தாளாளரும். ஓர் அலுவலகத்தில் என் கோப்பைக் காணவில்லை என்று மறுபடி முதலிலிருந்து கொடுக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு கடிதத்திலும் நகல் எடுத்து முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வேலை நடப்பது ஜூலை, ஆகஸ்டில்தான். செப்டம்பரில் காலாண்டு, டிசம்பரில் அரையாண்டு, அதற்கப்புறம் பொதுத்தேர்வுப் பரபரப்பு. 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றோரப் பள்ளிகளை நான் கொஞ்ச காலம் தள்ளிவைத்தேன். புத்தகமும் துணியும் தாமிரபரணியோடு போன பிள்ளையிடம் அந்த வாரமே மனக்கவலையை அளக்கக் கூடாது.

தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்டால் போதாதா என்று பல இடத்தில் கேட்டார்கள். போதாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். 2017இல் வெளியிட்ட நெறிமுறைப்படி பெற்றோர் சம்மதம் வேண்டும். 12 வயதுக்கு மேல் பிள்ளையும் எழுதித் தர வேண்டும். அதனால் வீடு வீடாகப் போனேன். முக்கூடல் பக்கம் ஒரு திண்ணையில் சொளகை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்த அக்கா, கையை நிறுத்தாமலே கேட்டார்: “என்னம்மா, குழு லோனா?” இல்லை என்றேன். “அப்போ டி.சி.ல எதுவும் எழுதிருவாவளா?” படிவம் முழுவதையும் வாசித்துக் காட்டினேன். இலையை ஓரமாக ஒதுக்கிவிட்டு, தூள் ஒட்டிய விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டார். பேனாவை உடனே வாங்கவில்லை. “அவன்கிட்ட கேட்டியளா? அவன் சரின்னா எனக்கும் சரி.” சாயங்காலம் பையன் வந்து சரி என்ற பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.

வகுப்பில் ஆசிரியர்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுத் தாளைக் கொடுத்தேன். நல்ல நண்பர் ஒருவராவது இருக்கிறாரா என்ற வரிக்கு வந்ததும் ஒரு பையன் எழுந்தான். “மிஸ், நம்ம தெருப் பயலா, கிளாஸ்ல உள்ளவனா?” அவனுக்கு இரண்டும் வேறு வேறு ஆட்கள். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. பள்ளியில் பக்கத்தில் உட்காருகிறவன் தெருவுக்கு வரமுடியாதவனாக இருக்கலாம் என்பது குட்மேனின் 25 வரிகளில் எங்கும் இல்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் சாதியின் பேரில் பள்ளி மாணவர்களே சக மாணவனை வீடு புகுந்து வெட்டிய பிறகு, இந்த மாவட்டத்தில் சாதியை விட்டுவிட்டு மனநலம் பேசவே முடியாது என்று நினைக்கிறேன். நெறிமுறைக் குழுவிடம் திருத்தம் கொடுத்து, பிள்ளைகளோடு சிறு குழுக்களாகப் பேசும் பகுதியைச் சேர்த்தேன். சாதி பற்றிய பேச்சே வேண்டாம் என்று சில பள்ளிகள் கதவைச் சாத்தின. அந்தச் சம்பவத்தை ஒட்டி அமைத்த நீதியரசர் சந்துரு குழுவின் அறிக்கை 2024 ஜூனில் வந்து, சாதியைக் காட்டக் கையில் கட்டும் வண்ணக் கயிறு வரைக்கும் வெளிப்படையாகப் பேசிய பிறகு கொஞ்சம் இளகினார்கள். என் ஆய்வேட்டில் உருப்படியானது அந்தப் பகுதிதான்.

வாய்மொழித் தேர்வு முடிந்துவிட்டது. அடுத்து என்ன என்பதற்கு எனக்கு வழி காட்டியது 2018இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த பீகார் ஆய்வு. ஒரே திட்டத்தைச் சில பள்ளிகளில் ஆசிரியர்களும், சில பள்ளிகளில் பயிற்சி பெற்ற சாதாரண ஆலோசகர்களும் நடத்தினார்கள். ஆலோசகர்கள் இருந்த பள்ளிகளில் பள்ளிச் சூழல் மேம்பட்டது, மனச்சோர்வும் வம்பிழுப்பும் குறைந்தன. ஆசிரியர்கள் நடத்திய இடத்தில் மாற்றம் தெரியவில்லை. மார்க் போடுகிறவரிடமே மனதையும் திறக்கச் சொல்வது பிள்ளைக்குக் கஷ்டம் என்பது என் எண்ணம். அதனால் உள்ளூரில் பட்டம் முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்துப் பள்ளியில் உட்காரவைக்கும் திட்டம் ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு பள்ளிக்கு ஓர் ஆள் போதும் என்று நிதிக்கணக்கு சொல்கிறது. நான் இரண்டு பேர் கேட்டிருக்கிறேன், வேறு வேறு தெருவிலிருந்து.